மிசூலா ஏரியிலிருந்து வறண்ட அருவி வரை: சுங்கை சிப்புட்டிலிருந்து புறப்படுவோருக்கான வழிகாட்டி

பனியுகத்தில் பனிக்கட்டி அணை உடைந்து பாய்ந்த வெள்ளம் அமெரிக்காவின் வடமேற்கு நிலத்தின் முகத்தையே மாற்றியிருக்கிறது. அந்த நிலத்தை நேரில் பார்க்க வேண்டும் என்பது, சுங்கை சிப்புட்டில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குப் புவியியல் கற்பித்த நாள் முதல் என் ஆசை. பணி ஓய்வுக்குப் பிறகு, என் தங்கை மகனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சென்று வந்தேன். ஆயத்தத்துக்கே இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அவற்றில் பெரும்பகுதி, செய்ய வேண்டியவற்றை வரிசை மாற்றிச் செய்ததால் வீணானது. விசா கைக்கு வருமுன் மலிவு விலையில் வாங்கிய விமானச் சீட்டுப் பணம் 2,900 ரிங்கிட் திரும்பி வரவேயில்லை. போய்ச் சேர்ந்த பிறகும் நிலத்தைத் தலைகீழாகப் பார்க்கத் தொடங்கியதால் இரண்டு நாள் போயின. உங்களுக்கு அந்த நட்டம் வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. முதலில் வரைபடம்

செலவில்லாத இந்த வேலையைத் தவிர்த்துவிட்டுப் போகிறவர்கள் அங்கே வெறும் பாறையையும் புல்வெளியையும்தான் பார்ப்பார்கள். வீட்டுக் கணினியில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்குப் பகுதியை உயரத்திலிருந்து பாருங்கள். வெளிர் நிறக் கோதுமை வயல்களுக்கு இடையே, பின்னலைப் பிரித்துப் போட்டதைப் போல, கருமையான கீற்றுகள் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக இறங்கும். மேல்மண் முழுவதும் அரித்துச் செல்லப்பட்டு, எரிமலைக் குழம்பு இறுகிய கறுப்புப் பாறை வெளியே தெரியும் இடங்கள் அவை.

பிறகு கிழக்கே நகர்ந்து, ஐடஹோ மாநிலத்தின் பாண்டரே ஏரியையும் மொன்டானாவின் மிசூலா நகரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 18,000 முதல் 15,000 ஆண்டுகளுக்கு முன்பு, கனடாவிலிருந்து இறங்கிய பனிப்பாளத்தின் ஒரு நாக்கு, இன்று பாண்டரே ஏரி உள்ள இடத்தில் கிளார்க் ஃபோர்க் ஆற்றை அடைத்து நின்றது. அந்த அணையின் உயரம் 600 மீட்டர். நம் இரட்டைக் கோபுரத்தின் உயரம் 452 மீட்டர்தான். அதற்குப் பின்னால் தேங்கிய மிசூலா ஏரியில் 2,000 கன கிலோமீட்டருக்கும் மேல் தண்ணீர் நின்றது.

அணை ஏன் உடைந்தது என்பதற்கு வீட்டிலேயே சான்று உண்டு. ஒரு குவளை சிராப்பில் பனிக்கட்டியைப் போடுங்கள். பத்தில் ஒன்பது பங்கு மூழ்கி, ஒரு பங்கு மட்டும் மேலே மிதக்கும். ஏரியின் நீர்மட்டம் பனி அணையின் உயரத்தில் பத்தில் ஒன்பது பங்கை நெருங்கியபோது அணையின் அடிப்பகுதி தரையிலிருந்து தூக்கப்பட்டது, நீர் அடியில் புகுந்து குடைந்தது, அணை சிதறியது. சில நாள்களிலேயே ஏரி காலியானது. பனி மீண்டும் முன்னேறி ஆற்றை அடைத்தது, ஏரி மீண்டும் நிறைந்தது, அணை மீண்டும் உடைந்தது. இப்படிப் பல முறை. இதை மனத்தில் பதித்துக்கொண்டால்தான் எட்டாவது படியில் நான் சொல்லும் வரிசை உங்களுக்கு விளங்கும்.

2. பருவத்தை முடிவு செய்தல்

மே, ஜூன் அல்லது செப்டம்பர் பிற்பகுதி, அக்டோபர் தொடக்கம். இவற்றைத் தவிர வேறு மாதங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். குளிர்காலத்தில் மொன்டானாவுக்குச் செல்லும் மலைக் கணவாய்களில் பனி கொட்டும். நம்மைப் போன்று பனியில் வண்டி ஓட்டிப் பழகாதவர்கள் அதில் இறங்கக் கூடாது. ஜூலை, ஆகஸ்டில் வெயில் நம் ஊரைவிடக் கடுமையாக இருப்பதோடு, காட்டுத்தீப் புகை வானத்தை மூடிவிட்டால் எதிர் மலைகூடத் தெரியாது. ஜூனில் இரவு எட்டரை மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் ஒரு நாளில் ஒன்றரை நாள் வேலை நடக்கும்.

மாதத்தை முடிவு செய்த பிறகு அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஜூனில் போக வேண்டுமானால் முந்தைய ஆண்டு ஆகஸ்டிலேயே கடப்பிதழைக் கையில் எடுங்கள்.

3. கடப்பிதழ்

மலேசியக் கடப்பிதழுக்கான கட்டணம் ஐந்தாண்டுக்கு 200 ரிங்கிட். 60 வயதைக் கடந்தவர்களுக்கு 100 ரிங்கிட். பயணம் முடியும் நாளிலிருந்து இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் விசாவுக்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள். விசா பழைய கடப்பிதழில் ஒட்டப்பட்டுவிட்டால், பிறகு இரண்டையும் சேர்த்தே சுமந்து திரிய வேண்டியிருக்கும்.

4. விசா விண்ணப்பமும் நம் பெயரும்

மலேசியர்களுக்கு அமெரிக்கா செல்ல விசா கட்டாயம் தேவை. சுற்றுலாவுக்கு உரியது பி1/பி2 வகை. டிஎஸ்-160 என்னும் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். கட்டணம் 185 அமெரிக்க டாலர். விசா மறுக்கப்பட்டாலும் திருப்பித் தர மாட்டார்கள். கட்டணங்கள் மாறக்கூடியவை என்பதால், பணம் கட்டும் நாளன்று தூதரகத்தின் அதிகாரப்பூர்வத் தளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இடைத்தரகர் யாரும் தேவையில்லை. எனக்குப் படிவம் நிரப்பித் தருவதாகச் சொன்ன ஒருவர் 350 ரிங்கிட் வாங்கிக்கொண்டு என் பெயரையே தவறாக எழுதிவிட்டார்.

அந்தப் பெயர் விவகாரத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம்மவர் பெரும்பாலோர் இங்கேதான் இடறி விழுகிறார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கடப்பிதழில் நம் பெயரும் 'ஏ/எல்' (மகன்) அல்லது 'ஏ/பி' (மகள்) என்ற குறிப்பும் தகப்பனார் பெயரும் ஒரே வரியில் இருக்கும். படிவமோ குடும்பப் பெயர், தன்பெயர் என இரண்டு கட்டங்களைக் கேட்கிறது. தகப்பனார் பெயரை வெட்டிக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டால், அது கடப்பிதழோடு பொருந்தாது. முழுப் பெயரையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதி, தன்பெயர்க் கட்டத்தில் 'எஃப்என்யூ' (FNU) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை இடுவதே முறை. தன்பெயர் தனியாக இல்லை என்பதற்கு அவர்கள் பயன்படுத்தும் குறி அது. சாய்கோட்டை விட்டுவிட்டு எழுத்துகளை மட்டும் எழுதுங்கள். விமானச் சீட்டு வாங்கும்போதும் கடப்பிதழில் உள்ள எழுத்துக்கூட்டலை அப்படியே பின்பற்றுங்கள்.

புகைப்படம் அடுத்த பொறி. நம் ஊர்ப் படக்கடையில் 'பாஸ்போர்ட் சைஸ்' என்று கேட்டால் செவ்வகமாக எடுத்துத் தருவார்கள். அமெரிக்க விசாவுக்கு இரண்டு அங்குலச் சதுரம், வெள்ளைப் பின்னணி, ஆறு மாதத்துக்குள் எடுத்தது, மூக்குக்கண்ணாடி அணியாதது வேண்டும்.

படிவத்தில் கடந்த ஐந்தாண்டுகளில் நீங்கள் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளையும் கேட்பார்கள். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். முடிந்ததும் பட்டைக்குறியுடன் வரும் உறுதிப்பக்கத்தை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு திருத்தம் செய்து புதிய படிவம் அனுப்பினால் எண் மாறிவிடும். நேர்முகத் தேதி பதிந்த கணக்கிலும் அந்தப் புதிய எண்ணையே மாற்ற வேண்டும்.

5. நேர்முகம்

அமெரிக்கத் தூதரகம் கோலாலம்பூரில் ஜாலான் துன் ரசாக்கில் இருக்கிறது. காலை நேரம் கிடைத்தால் முதல் நாளே சென்று தங்கிவிடுங்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈடிஎஸ் ரயிலில் கே.எல். சென்ட்ரல் போய், அங்கிருந்து எல்ஆர்டியில் அம்பாங் பார்க் நிலையத்தில் இறங்கினால் மிச்சம் நடக்கும் தூரம்தான். பெரிய பை, மடிக்கணினி ஆகியவற்றோடு போகாதீர்கள். ஒரு தெளிவான பிளாஸ்டிக் உறையில் தாள்கள் மட்டும் போதும்.

எடுத்துச் செல்ல வேண்டியவை: கடப்பிதழ், பழைய கடப்பிதழ் இருந்தால் அதுவும், படிவத்தின் உறுதிப்பக்கம், நேர்முக உறுதித்தாள், கட்டணம் செலுத்திய ரசீது, புகைப்படம். கேட்டால் காட்டுவதற்காக வங்கிக் கணக்கு விவரம், ஊழியர் சேமநிதி அல்லது ஓய்வூதிய அறிக்கை, வேலையில் இருப்போர் முதலாளியின் விடுப்புக் கடிதம், வீட்டுப் பத்திரத்தின் நகல். என்னிடம் இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. ஆனால் எனக்கு முன்னால் நின்ற அம்மாவிடம் கேட்டார்கள்.

என்னிடம் கேட்கப்பட்டது, 'ஏன் மொன்டானா?' என்பதுதான். ஒரே தாளில் நாள், ஊர், பார்க்கப்போகும் இடம் என்று எழுதி வைத்திருந்ததை நினைவிலிருந்தே சொன்னேன். பனியுக வெள்ளத்தடங்களைப் பார்க்கப் போகிறேன், நான் புவியியல் ஆசிரியராக இருந்தவன் என்றேன். மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. சுற்றிவளைத்துப் பேசாமல், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

நேர்முகத் தேதி எப்போது கிடைக்கும் என்பது பருவத்துக்குப் பருவம் மாறும். கடப்பிதழ் விசாவுடன் திரும்பக் கைக்கு வரும் வரை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பணம் திரும்பாத விமானச் சீட்டை வாங்காதீர்கள். என் 2,900 ரிங்கிட் போனது இந்த ஒரு காரணத்தால்தான்.

6. விமானச் சீட்டும் காப்புறுதியும்

கோலாலம்பூரிலிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு நேரடி விமானம் கிடையாது. தைப்பே, தோக்கியோ, சியோல் போன்ற ஓரிடத்தில் மாறியே சியாட்டில் போக வேண்டும். அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் ஸ்போகேன் நகருக்குச் சென்று இறங்குவதே நான் சொல்லும் வழி. முதலில் தரையிறங்கும் அமெரிக்க நகரத்தில்தான் குடிநுழைவுச் சோதனை நடக்கும். அங்கே பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டும் என்பதால், அடுத்த விமானத்துக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

உணவுப் பொருள்கள் எடுத்துச் செல்வோர் அவற்றைத் தவறாமல் அறிவிக்க வேண்டும். இறைச்சி சேர்ந்த எதையும், ரெண்டாங் பொட்டலம் உட்பட, கொண்டுபோகாதீர்கள். மசாலாத்தூள், பருப்புப்பொடி ஆகியவற்றை அறிவித்துவிட்டு நாங்கள் கொண்டுசென்றோம்.

மருத்துவக் காப்புறுதி இல்லாமல் புறப்படக் கூடாது. அங்கே ஒரு நாள் மருத்துவமனைச் செலவு உங்கள் முழுப் பயணச் செலவையும் விழுங்கிவிடும்.

7. கார்

இந்த நிலத்தைப் பேருந்திலோ ரயிலிலோ பார்க்க முடியாது. ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் அனைத்துலக ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். ஓராண்டுக்கு 150 ரிங்கிட். அதோடு நம் சொந்த உரிமத்தையும் எடுத்துச் செல்ல வேண்டும், ஏனெனில் ஒன்றில்லாமல் மற்றொன்று செல்லாது. ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். என் தங்கை மகன் ஓட்ட, கார்டு என் பெயரில் இருந்ததால் முகப்பில் ஒரு மணி நேரம் நின்றோம்; கடைசியில் என்னை முதல் ஓட்டுநராகவும் அவனைக் கூடுதல் ஓட்டுநராகவும் பதிந்து பணம் கட்டினோம். 25 வயதுக்குக் குறைந்தவர் ஓட்டினால் தனிக் கட்டணம் உண்டு.

சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். நேர் சாலையில் சிரமமில்லை. பெட்ரோல் நிலையத்திலிருந்து வெளியே வரும்போதும், இடப்பக்கம் திரும்பும்போதும்தான் நம் கை பழைய பழக்கத்துக்குப் போகிறது. பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் வாய்விட்டு 'வலப்பக்கம்' என்று சொல்ல வேண்டும். வேகப் பலகைகள் மைலில் இருக்கும். 60 என்று கண்டால் அது நம் கணக்கில் 96.

8. நீர் போன வழியே செல்லுங்கள்

நாங்கள் சியாட்டிலில் காரை எடுத்துக்கொண்டு நேராக வறண்ட அருவிக்குப் போனோம். பிரம்மாண்டமாக இருந்தது, ஆனால் ஒன்றும் விளங்கவில்லை. மிசூலாவுக்குப் போய் ஏரியின் உயரத்தைக் கண்ணால் கண்ட பிறகுதான், நாங்கள் முதலில் பார்த்தது என்னவென்று உறைத்தது. மறுபடி அதே இடத்துக்குத் திரும்பி வந்தோம். ஆகவே ஸ்போகேனில் காரை எடுத்ததும் எங்கும் நிற்காமல் கிழக்கே மிசூலாவுக்குப் போய்விடுங்கள். 200 மைல், மூன்று மணி நேரம். மொன்டானா எல்லையில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகும். அறை முன்பதிவில் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மிசூலா நகரத்தை ஒட்டி நிற்கும் ஜம்போ மலையையும் சென்டினல் மலையையும் மாலைச் சாய்வெயிலில் பாருங்கள். சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடைக்கோடுகள் தெரியும். ஏரியின் அலைகள் வெவ்வேறு காலத்தில் அரித்த கரைகள் அவை. நீங்கள் நிற்கும் தெருவுக்கு மேல் ஏறத்தாழ 290 மீட்டர் தண்ணீர் இருந்தது.

மறுநாள் 200ஆம் எண் நெடுஞ்சாலையில் பெர்மா வரை சென்று, 382ஆம் எண் சாலையில் வடக்கே திரும்பினால் காமஸ் பிரெய்ரி என்னும் புல்வெளிப் பள்ளத்தாக்கு. இங்கே அவசரப்படாதீர்கள். நாங்கள் நண்பகலில் போய்ச் சேர்ந்தபோது சாதாரணப் புல்மேடுகளாகத்தான் தெரிந்தன. வண்டியை ஓரங்கட்டி, கொண்டுவந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு மாலை வரை காத்திருந்தோம். வெயில் சாயச் சாய, ஒவ்வொரு மேட்டின் பின்னாலும் நிழல் விழுந்து, பள்ளத்தாக்கு முழுவதும் வரிவரியாக எழுந்து நின்றது. சில வரிகள் பத்து மீட்டர் உயரம். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நூறு மீட்டர் அளவுக்கு இடைவெளி. ஏரி வடிந்தபோது பாய்ந்த நீர் சரளைக்கற்களைக் குவித்து உண்டாக்கிய அலைத்தடங்கள் இவை என்று நிலவியலாளர் ஜோசப் பார்டி 1942இல் விளக்கி எழுதினார்.

என் தங்கை மகன் சற்று நேரம் பார்த்துவிட்டு, "மாமா, இது மேடு இல்ல. நம்ம தோட்டத்துக் கால்வாய்ல மழ விட்டதும் மணல் கெடக்குமே, அது மாதிரியே இருக்கு" என்றான். அவன் சொன்னது மிகச் சரி. நான் பிறந்த லயத்துக்குப் பின்னால், ரப்பர் இலைகள் மதகை அடைத்துக்கொள்ள, மழைத்தண்ணீர் முழங்கால் அளவுக்குத் தேங்கும். அடைப்பு பிடுங்கிக்கொண்டதும் ஒரே மூச்சில் ஓடிவிடும். விடியற்காலையில் பால்வெட்டுக்குப் புறப்படும் அப்பாவுடன் போகும்போது, கால்வாய் மணலில் விரல் பருமனுக்கு வரிகள் கிடக்கும். அதே வரிகள்தான் இங்கே, வீட்டுக் கூரையைவிட உயரமாக. மேடுகள் அமைந்திருப்பது பிறர் நிலத்தில். வேலியைத் தாண்டாமல் சாலையோரத்திலிருந்தே பாருங்கள்.

அடுத்து, அதே 200ஆம் எண் சாலையில் மேற்கே சென்றால் பாண்டரே ஏரி. இதன் பெயர்ப்பலகை எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் தொடர்பிருக்காது. வழி கேட்கும்போது 'பாண்டரே' என்றே சொல்லுங்கள். ஏரியின் தென்முனையில் உள்ள ஃபாரகட் பூங்காவில் நில்லுங்கள். வெள்ளம் வெடித்துக் கிளம்பிய வாசல் இது.

பிறகு ஸ்போகேன் வழியாகக் கிராண்ட் கூலி. தோட்டத்தில் வளர்ந்த நமக்கு இந்தச் சொல் காதில் விழுந்ததும் நெஞ்சில் வேறொன்று எழும். நம் பாட்டன்மார் சுமந்த அந்தச் சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை; 'ஓடுதல்' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த, நீர் வெட்டிய பள்ளத்தாக்கைக் குறிக்கும் பெயர் இது. 155ஆம் எண் சாலையில் பேங்க்ஸ் ஏரியை ஒட்டித் தெற்கே இறங்கினால், இருபுறமும் கறுப்புப் பாறைச் சுவர்கள் உடன்வரும். கூலி சிட்டியைத் தாண்டி 17ஆம் எண் சாலையில் வறண்ட அருவி. ஐந்தரை கிலோமீட்டர் அகலம், 120 மீட்டர் உயரம். நயாகராவின் உயரம் 50 மீட்டர் அளவே. இன்று ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. கீழே சில குட்டைகள் மட்டும் அசையாமல் கிடக்கின்றன. காலை வெளிச்சத்தில் போங்கள்.

வாஷிங்டன் மாநிலப் பூங்காக்களில் வண்டி நிறுத்த 'டிஸ்கவர் பாஸ்' வேண்டும்; ஒரு நாளுக்கு 10 டாலர். இது இல்லாமல் நிறுத்தினால் அபராதம். ஒரே நாளில் இரண்டு பூங்காக்களைப் பார்த்தால் ஒரே சீட்டு போதும்.

பலூஸ் அருவிக்கு அரை நாள் கொடுங்கள். 60 மீட்டர் உயரத்திலிருந்து இன்றும் தண்ணீர் விழுகிறது. வெள்ளம் வெட்டிய பெரும் பள்ளத்தில் ஒரு சிறிய ஆறு அடக்கமாக ஓடுகிறது. கடைசிப் பகுதி சரளைச் சாலை; வாடகை ஒப்பந்தம் சரளைச் சாலையை அனுமதிக்கிறதா என்று முன்பே படித்துப் பாருங்கள். வேலிக்கு அப்பால் போகாதீர்கள், அங்கே உயிர்கள் போயிருக்கின்றன. கோடையில் பாறைகளுக்கிடையே விரியன் இனத்தைச் சேர்ந்த கிலுகிலுப்பைப் பாம்புகள் இருக்கும். காலணி இல்லாமல் நடக்கக் கூடாது. தொலைபேசித் தொடர்பு பல இடங்களில் அறுந்துவிடும் என்பதால் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் பாதியானதும் நிரப்பிவிடுங்கள்.

அடுத்தது வலூலா இடுக்கு. கிழக்கு வாஷிங்டனில் பரவிய வெள்ளம் அத்தனையும் ஏறத்தாழ இரண்டு மைல் அகலமே உள்ள இந்த வாயிலில் நெரிந்து வெளியேற வேண்டியிருந்தது. வெளியேற முடியாத நீர் பின்வாங்கித் தேங்கி, வண்டலைப் படியவிட்டது. டச்செட் என்னும் ஊரருகே பர்லிங்கேம் பள்ளத்தில் அப்படிப்பட்ட வண்டல் அடுக்குகள் ஏறத்தாழ 40 உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு வெள்ளம். அங்கே அனுமதியின்றி நுழையக் கூடாது.

9. செலவும் திரும்பும் வழியும்

பன்னிரண்டு நாளுக்கு எங்கள் இருவருக்கும் சேர்த்து ஏறத்தாழ 23,000 ரிங்கிட் ஆனது. வீணான சீட்டு இதில் சேராது. விமானச் சீட்டு இதில் பாதிக்குச் சற்றுக் குறைவு. அடுத்தது அறை வாடகை, பிறகு கார். அடுப்பும் குளிர்பெட்டியும் உள்ள அறையாகப் பார்த்து எடுத்தால் சாப்பாட்டுச் செலவு பாதியாகிவிடும். ஒரு சிறிய சோற்றுப் பானை எங்களைக் காப்பாற்றியது.

வலூலாவிலிருந்து ஸ்போகேனுக்குத் திரும்பிக் காரை ஒப்படைப்பது மலிவு. எடுத்த ஊரில் விடாமல் போர்ட்லண்டில் விட்டால் தனிக் கட்டணம் வாங்குவார்கள். முன்பதிவின்போதே அந்தத் தொகையைக் கேளுங்கள். இரண்டு நாள் கூடுதலாக இருந்தால் நான் அந்தக் கட்டணத்தைக் கட்டச் சொல்வேன். கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியே வெள்ளத்தைப் பின்தொடர்ந்து ஓரிகன் மாநிலம் சென்றால், மெக்மின்வில் ஊரைக் கடந்து 18ஆம் எண் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு சிறு குன்றின்மேல் தனியாக ஒரு பாறை கிடக்கிறது. 90 டன் எடை. அந்தப் பக்கத்துப் பாறையே அல்ல அது. மிதந்து வந்த பனிப்பாளத்துக்குள் சிக்கி, நூற்றுக்கணக்கான மைல் தாண்டி வந்து, பனி உருகியதும் அங்கேயே தங்கிவிட்டது. முன்பு இன்னும் பெரிதாக இருந்ததை, வருகிறவர்கள் உடைத்து உடைத்து எடுத்துச் சென்றிருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. வண்டியை நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் ஏற வேண்டும். நாங்கள் போனபோது வேறு யாரும் இல்லை. பாறையின்மேல் உள்ளங்கையை வைத்தேன், வெயிலில் சூடாக இருந்தது. அங்கிருந்து போர்ட்லண்ட் விமான நிலையத்துக்கு, மாலை நேர நெரிசலையும் சேர்த்து, இரண்டு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.